முனியாயி ராக்கெட் காட்டப் போன புதன்கிழமை

முனியாயிக்குக் கோபம் மூக்கு நுனியில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கோபம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. மட்டாஞ்சேரியில் யூதத் தெரு முனையிலிருந்து படகுத்துறை வரைக்கும் இருபது வருஷமாகக் கூட்டியவள் அவள். "என் ரோடு" என்றுதான் சொல்லுவாள். எவனாவது மிளகாய் வற்றல் மூட்டையை இழுத்துக்கொண்டு போய்ச் சிதறவிட்டால், மூட்டை தூக்கியவனை விட்டுவிட்டு முதலாளி வீட்டு வாசல்வரை போய்ச் சண்டை பிடிப்பாள்.

நான் வைத்தீஸ்வரன். அந்தப் பகுதித் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மஸ்டர், அதாவது வருகைப் பதிவேடு, எழுதிய குமாஸ்தா. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அவளுடைய தாத்தாவைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சியின் தெருக்களைக் கூட்ட அழைத்து வந்தார்கள். என் தாத்தா கோர்ட்டு வேலைக்கு வந்தார். இரண்டு வீட்டிலும் தமிழ்தான் பேச்சு. ஆனாலும் அவள் தமிழ் எனக்குப் பிடிபட இரண்டு வருஷம் ஆயிற்று. என் தமிழைக் கேட்டு அவள் இன்றைக்கும் சிரிக்கிறாள்.

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பித்தளை டோக்கன், நம்பர் அடித்து, மேலே ஓட்டை போட்டது. காலை ஆறு மணிக்கு உன் டோக்கனை எடுத்தால் நீ வேலைக்கு வந்திருக்கிறாய். மதியம் திருப்பி மாட்டினால் அன்றைய நாள் உனக்கு உண்டு. எடுக்காமலே தொங்கினால் ஆப்சென்ட். எடுத்தது திரும்பி வராவிட்டாலும் ஆப்சென்ட். யார் முகத்தையும் நான் பார்க்க வேண்டியதில்லை, பலகையைப் பார்த்தால் போதும். ரொம்ப வசதி என்றுதான் அப்போது நினைத்தேன்.

2006 அக்டோபரில் ஒரு நாள் முனியாயி முழங்கை வரை சேற்றோடு ஆபீஸுக்குள் நுழைந்தாள். ஒரு பழைய பண்டகசாலை மதில் மழையில் சரிந்து ஓடையை அடைத்துவிட்டதாம். அள்ளிப்போட்ட சேற்றில் ஒரு வட்டத் தகடு மின்னியதாம். அதை என் மேசைமேல் வைத்தாள்.

"சாரே, இது யாரோட டோக்கன்? பாவம், தொலைச்சுட்டு எங்கே நின்னு விஷமிக்கிறாங்களோ." விஷமம் என்றால் மலையாளத்தில் வருத்தம்.

கழுவிப் பார்த்தேன். நல்ல கனம். ஒரு பக்கம் கருநீலத்தில் நட்சத்திரங்கள், நடுவே ஒரு ராக்கெட். மறுபக்கம் கண்ணாடித் தொப்பி போட்ட விண்வெளி வீரனின் முகம். விளிம்பில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஆறு. மேலே ஓட்டை. அடியில் பொடி எழுத்தில் ஓர் இணைய முகவரி.

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பி.காம். தினமும் ஆங்கிலப் பேப்பர் படிக்கிறவன். அப்படிப்பட்ட நான் அந்த முகவரியைப் பார்த்துவிட்டு, "இது கான்ட்ராக்ட் கம்பெனி டோக்கனாக்கும், முனியாயி. இப்போ எல்லாக் கம்பெனிக்காரனும் வெப்சைட், படம்னு அடிச்சு விடறான்" என்று அடித்துச் சொன்னேன். வட்டமாக இருந்து, நம்பரும் ஓட்டையும் இருந்தால் எங்களுக்கு அது டோக்கன். வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று அந்த ஆபீஸில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவள் அதைப் பலகையின் கடைசி ஆணியில் மாட்டினாள். "ஆள் வந்து எடுத்துக்கட்டும். அதுவரைக்கும் ஆப்சென்ட் போட்டுராதீங்க."

"பேரே தெரியாத ஆளுக்கு எப்படிப் போடறது?"

"நீங்க போடுவீங்க, சாரே."

எனக்குச் சுருக்கென்றது. 1994இல் ஒரு நாள் அவள் டோக்கன் ஓடையில் விழுந்து காயலுக்குப் போய்விட்டது. தெப்பலாக நனைந்து வந்து நின்றாள். ரோடு முழுக்கப் பளிச்சென்று கூட்டிக் கிடந்தது, என் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. நான் பலகையைப் பார்த்தேன், ஆணி காலி, ஆப்சென்ட் எழுதினேன். அந்த ஒரு நாளால் அவளுக்குத் தொடர்ச்சியான நாட்கணக்கு ஒன்று குறைந்து, வேலை நிரந்தரமாக மேலும் இரண்டு வருஷம் காத்திருந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் லீவு எடுத்ததில்லை. மகன் பரீட்சை, புருஷன் ராஜனுக்குக் கால் முறிந்தது, எதற்கும் இல்லை. இனி அந்தப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே ஒரு கறுப்பு எழுத்துகூட விழக் கூடாது என்று வைராக்கியம். தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் பன்னிரண்டு வருஷமாக வாய் வரவில்லை.

வாய் வராதவனுக்குக் கேலி மட்டும் நன்றாக வந்தது. தினமும் காலையில் எல்லா நம்பரும் முடிந்த பிறகு, "கடைசி ஆணி!" என்று கூப்பிடுவேன். "ஆப்சென்ட்!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்துவார்கள். முனியாயி முறைப்பாள். மதியம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் டோக்கன்காரனைத் தேடிக் கிளம்புவாள். போர்ட் கொச்சிக்கு நடந்தாள். படகேறி எர்ணாகுளம் போய் பிராட்வேயில் குப்பை அள்ளும் கான்ட்ராக்ட் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தாள். ஒருத்தனும் தன்னுடையது என்று சொல்லவில்லை. நவம்பர் நடுவரைக்கும் அந்த டோக்கன் அங்கேயே தொங்கியது.

அவள் மகன் சிஜு காக்கநாட்டில் ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தான். ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குக் குடை கொண்டுவந்தவன், பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"அம்மே, இது டோக்கன் இல்ல. இது வேறென்னமோ." உள்ளங்கையில் அந்த ஆறு எழுத்தையும் எழுதிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை மதியம் ஓடியே வந்தான். மூச்சு வாங்குகிறது, கையில் ஐந்து தாள்கள். அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

"அம்மே! நார்வேயிலிருந்து வந்திருக்கு!"

விஷயம் இதுதான். உலகம் பூராவும் ஆட்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை மதில் பொந்திலும் மர இடுக்கிலும் ஒளித்து வைக்கிறார்கள். எங்கே என்பதை இணையத்தில் போடுகிறார்கள். சாட்டிலைட் வழி காட்டும் கருவியோடு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். ஜியோகேச்சிங் என்று பெயர். அந்தப் பெட்டிகளில் இந்த மாதிரி நாணயங்களும் இருக்கும். எடுத்தவர் தன் ஊருக்குப் போகிற வழியில் இன்னொரு பெட்டியில் போட வேண்டும். நம்பரை வைத்து, அது எங்கே போகிறது என்று சொந்தக்காரர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். சரிந்த மதிலில் அப்படியொரு பெட்டி இருந்திருக்கிறது. பெட்டி சேற்றோடு குப்பை வண்டிக்குப் போய்விட்டது.

இந்த நாணயத்துக்குப் பிப் என்று பெயர். சொந்தக்காரி இங்கர், வடக்கு நார்வேயில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இணையத்தில் அந்த நாணயத்துக்கென்று இருந்த பக்கத்தின் உச்சியில் அவள் எழுதியிருந்ததை சிஜு மலையாளமும் தமிழுமாகச் சொன்னான்: 'எனக்குச் சின்ன வயதிலிருந்து ராக்கெட் என்றால் உயிர். ஒன்றுகூடக் கிளம்பிப் பார்த்ததில்லை. நான் போக முடியாத இடத்துக்கு இது போகட்டும். ஒரே ஒரு ராக்கெட் மேலே போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரட்டும்.'

மூன்று வருஷம், ஒன்பது நாடு, எண்பதாயிரம் கிலோமீட்டர்! ஆனால் ராக்கெட் மட்டும் பார்த்தபாடில்லை. ஒரு நாட்டில் மழை. ஒரு நாட்டில் கடைசி நேரத்தில் தள்ளிவைத்துவிட்டார்கள். ஒரு நாட்டில் கூட்டிக்கொண்டு போனவன் நாணயத்தை ஹோட்டல் அறையிலேயே மறந்துவிட்டுப் போனான். கடைசியாக ஆகஸ்டில் ஒரு டச்சுத் தம்பதி மட்டாஞ்சேரியில் வைத்துவிட்டு, 'தெற்கே திருவனந்தபுரத்தருகே தும்பா ராக்கெட் நிலையம் இருக்கிறது. மாதத்தில் மூன்றாவது புதன்கிழமை சின்ன ராக்கெட் விடுகிறார்கள். யாராவது கொண்டுபோங்கள்' என்று எழுதியிருந்தார்கள். அப்புறம் தேடி வந்த மூன்று பேர், 'மதில் இடிந்து கிடக்கிறது, காணோம்' என்று எழுதியிருந்தார்கள்.

முனியாயி வாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒன்பது நாடு தாண்டி வந்ததை, ஆப்சென்ட் ஆப்சென்ட்னு தினமும் கூவுனீங்களே, சாரே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கே சிஜு, நாணயம் பத்திரமாக இருப்பதாக எழுதிப் போட்டான். மறுநாள் இங்கரிடமிருந்து நீளமாக பதில். அவள் பஸ்ஸில் பதினாலு பிள்ளைகள் போகிறார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உலகப் படம் ஒட்டி, பிப் போகிற இடத்திலெல்லாம் குண்டூசி குத்துகிறார்கள். கொச்சியில் குத்திய ஊசி நகரவே இல்லை, பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். டிசம்பர் 21 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின கடைசி நாள். இங்கருக்கும் அதுதான் கடைசி நாள், ஓய்வு பெறுகிறாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அதற்குள் பிப் ஒரு ராக்கெட்டைப் பார்க்க முடியுமா?

டிசம்பரின் மூன்றாவது புதன்கிழமை 20ஆம் தேதி. நாங்கள் மூன்று பேரும் காலண்டர் முன்னால் நின்றோம்.

"காட்டிருவோம்னு எழுது" என்றாள் முனியாயி.

"அம்மே, முதல்ல லீவு கிடைக்குமான்னு..."

"எழுதுடா! அந்தம்மா பஸ் ஓட்டுது. எத்தனை தடவை லீவு கேட்டுக் கிடைக்காம இருந்திருக்கும். காட்டிருவோம்னு எழுது."

எழுதிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸுக்குத் தலைகால் புரியவில்லை. காலை மஸ்டரில் "கடைசி ஆணி!" என்றால் இப்போது "நார்வே!" என்று கத்தினார்கள். சாயாக்கடைக்காரன்கூட வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். முனியாயி அதைத் தினமும் புளி போட்டுத் தேய்க்கப் போக, நீலச் சாயம் உரிந்துவிடும் என்று சிஜு கையைப் பிடித்துத் தடுத்தான்.

டிசம்பர் பதினோராம் தேதி மேலேயிருந்து தாள் வந்தது. அந்த வருஷம் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியிருந்தது. போதாததற்கு போர்ட் கொச்சியில் வருஷக் கடைசிக் கார்னிவல், வெளியூர்க் கூட்டம். பதினைந்தாம் தேதியிலிருந்து ஜனவரி முதல் தேதிவரை துப்புரவுப் பணியாளர் யாருக்கும் லீவு கிடையாது. நான் மேலதிகாரியிடம் போய்க் கெஞ்சினேன். என்ன காரணம் என்று கேட்டார். நார்வே நாட்டு நாணயத்துக்கு ராக்கெட் காட்ட வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காய்ச்சல் எனக்குத்தானா என்று கேட்டார்.

சிஜு மட்டும் போகட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"சேற்றிலேயிருந்து எடுத்தது நான். காட்டுறேன்னு வாக்குக் கொடுத்தது நான். அவன் என்னத்துக்குப் போகணும்? துணைக்கு வரட்டும்."

"மஸ்டர்லே ஆப்சென்ட் விழுமே, முனியாயி."

அவள் மேசைமேல் இருந்த பதிவேட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது தானாக வெளியே வந்தது. "அன்னிக்கு நான் எழுதினது தப்பு. நீங்க கூட்டின ரோட்டைப் பார்த்துண்டேதான் எழுதினேன். மன்னிச்சுக்கணும்."

"அது தெரியாதா எனக்கு?" என்றாள். "அன்னிக்கு எழுதுனது பொய், சாரே. அதான் எரிஞ்சுச்சு. இது நெசம். நான் வரமாட்டேன். தைரியமா போடுங்க."

19ஆம் தேதி மதியம் தன் டோக்கனை மாட்டிவிட்டு, கடைசி ஆணியிலிருந்த பிப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நான் பலகையைப் பார்த்தேன். முனியாயியின் 31 தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஆணி காலி. எங்கள் விதிப்படி பிப் வேலைக்கு வந்துவிட்டது, முனியாயி வரவில்லை. நான் பேனாவைத் திறந்து அவள் பெயருக்கு நேரே எழுதினேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இனி வருவது நான் பார்த்ததில்லை. அம்மாவும் மகனும் மறுநாள் மாற்றி மாற்றிச் சொன்னது.

விடிகாலை ஐந்து மணி வண்டி. கொல்லத்துக்கு முன்னால் ஏதோ சிக்னலில் ஐம்பது நிமிஷம் நின்றுவிட்டது. முனியாயி ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தையே திட்டிக்கொண்டிருந்தாளாம். தும்பாவுக்குப் பக்கத்து ஸ்டேஷனான கழக்கூட்டத்தில் இறங்கும்போது பத்தே முக்கால். ஆட்டோக்காரனுக்குப் பிப்பின் கதையை சிஜு சொல்லத் தொடங்க, அவன் "எந்தா, நார்வேயா?" என்று கேட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கியவன் கடற்கரை வரும்வரை விடவில்லை. ராக்கெட் நிலைய வாசலில் இறங்கும்போது பதினொன்று பத்து. ராக்கெட் பதினொன்றே முக்காலுக்கு.

வாசலில் காவலர் முனியாயியின் அடையாள அட்டையைப் பார்த்தார், சரி என்றார். சிஜுவின் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். முந்தானை முடிச்சைக் காட்டி, அதில் என்ன என்றார். அவிழ்த்துக் காட்டினாள்.

"இதெல்லாம் உள்ளே கொண்டுபோகக் கூடாது. இங்கே வச்சுட்டுப் போங்க."

முனியாயிக்கு வந்ததே கோபம்! "சாரே, ராக்கெட் பார்க்க வந்ததே இதுதான். நான் துணைக்கு வந்தவ. வேணும்னா நான் இங்கே நிக்கிறேன், இதை உள்ளே அனுப்புங்க!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்களாம். காவலர் சிரிக்கவில்லை. சிஜு அந்த ஐந்து தாள்களையும் நீட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் தாளிலிருந்து வாசித்தார். பதினொன்றே கால். இரண்டாவது தாள். மூன்றாவது. பதினொன்று இருபத்தைந்துக்கு அவர் தலை நிமிர்ந்தார்.

"மூணு வருஷமா ஒண்ணுகூடப் பார்க்கலையா?"

"ஒண்ணுகூட இல்ல."

"கையை விட்டுக் கீழே போடக் கூடாது. புரிஞ்சுதா?" என்று நாணயத்தை முனியாயி கையிலேயே திருப்பி வைத்தார். இருவரும் ஓடினார்கள். அவளுக்கு ஐம்பது வயது. சிஜுவை முந்திக்கொண்டு ஓடினாளாம்.

பார்வையாளர்கள் நிற்கிற இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். தூரத்தில், தென்னைகளுக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்துச் சாய்ந்தபடி ஒல்லியாக ஒரு ராக்கெட். முனியாயி முன்வரிசைக்குப் போய், கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, பிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கு ஊதியது. ஒலிபெருக்கியில் பத்து, ஒன்பது என்று எண்ணத் தொடங்கினார்கள். கூட்டமே சேர்ந்து எண்ணியது.

ஐந்து வந்தபோது அவளுக்குத் திக்கென்றது. முகம் எந்தப் பக்கம் இருக்கிறது? கையை இறக்கிப் பார்த்தாள். ராக்கெட் படம் போட்ட பக்கம் ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. விண்வெளி வீரன் பின்னால் நின்ற சிஜுவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று திருப்பினாள். கண்ணாடித் தொப்பியில் வியர்வை. முந்தானையால் துடைத்தாள். மறுபடி உயர்த்தி, நேராக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூமி அதிர்ந்தது, ஒரு சத்தம் நெஞ்சுக்குள் புகுந்து போனது, கூட்டம் ஓவென்று கத்தியது. அவள் திரும்பிப் பார்த்தபோது வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. சின்ன ராக்கெட், கண் சிமிட்டுவதற்குள் போய்விடும்.

"பார்த்தியா அம்மே? பார்த்தியா?" சிஜு குதித்துக்கொண்டிருந்தான்.

"இது பார்த்துச்சுடா!" என்று அவளும் குதித்தாள். "நல்லாப் பார்த்துச்சு! நேரா பிடிச்சிருந்தேன்!"

அன்று சாயங்காலமே திருவனந்தபுரத்தில் ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து சிஜு எழுதிப் போட்டான். புகை என்ன நிறம், சத்தம் எப்படி, எத்தனை நொடி, எல்லாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நான் பார்க்கலைன்னும் எழுது. பொய் வேணாம். நான் அது முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்னு எழுது" என்றாள். அதையும் எழுதினான்.

அவளுக்கு மெமோ வந்தது. விளக்கத்தை நான் எழுதிக் கொடுத்தேன். என் ஆயுளில் நான் எழுதிய நல்ல ஆங்கிலம் அதுதான். பிப்பை அடுத்த வாரம் போர்ட் கொச்சிக்கு வந்த ஒரு ஜெர்மன்காரர் வாங்கிக்கொண்டு வடக்கே கிளம்பினார். ஆனால் அதற்கு முன்னால், 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம், சிஜு இங்கரின் பதிலைக் கொண்டுவந்தான். டோக்கன் மாட்ட வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

'கடைசி நாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். தும்பாவில் ஊசி குத்தினோம். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு பின் சீட்டிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா? அவள் கேட்டது: அப்படியானால் அந்த அம்மாவுக்கு யார் ராக்கெட் காட்டுவார்கள்?'

சிஜு நிறுத்தினான். முனியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு காலண்டர் பக்கம் திரும்பினாள்.

"சாரே, ஜனவரியிலே மூணாவது புதன் எந்தத் தேதி?"

"பதினேழு."

"லீவு உண்டா?"

பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் முதல்முறையாக லீவு கேட்டாள். நான் மேசை டிராயரைத் திறந்து இரண்டு லீவு ஃபாரம் எடுத்தேன். ஒன்றை அவளிடம் கொடுத்தேன், மற்றதில் என் பெயரை எழுதத் தொடங்கினேன்.